குறுங்காணொளியும் பாயிர நெறியும்

தோற்றுவாய்

கற்றார் தம் கல்வியைப் பிறர்க்குக் காட்டி, அதன் பயனாகப் பொருள் பெறுதல் தமிழகத்திற்குப் புதிதன்று. பாணரும் பொருநரும் கலை காட்டிப் பரிசில் பெற்றனர். பிற்காலத்தார் கதை நிகழ்த்தியும் நூல் அச்சிட்டும் வாழ்க்கை நடத்தினர். இந்நாளில் அப்பணி குறுங்காணொளி வாயிலாக நிகழக் காண்கின்றோம்.

2020ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அதனை அடுத்து ஜூலைத் திங்களில் இன்ஸ்டாகிராமின் ரீல்சும், செப்டம்பர்த் திங்களில் யூடியூபின் ஷார்ட்சும் இந்நாட்டில் அறிமுகமாயின. தொடக்கத்தில் நொடிக்கணக்கில் அமைந்த இவற்றின் எல்லை, யூடியூபில் 2024 அக்டோபர் முதலும் இன்ஸ்டாகிராமில் 2025 சனவரி முதலும் மூன்று நிமிடம் வரை விரிந்தது.

காவிரிக் கழிமுகத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பெற்று, புதுச்சேரி ஆட்சிப் பகுதியின் கூறாக விளங்குவது காரைக்கால். இங்கே தமிழ் பயின்ற பட்டதாரி ஒருவர் கட்டணம் பெற்று யாப்பிலக்கணம் கற்பிக்க முற்படின், ஊரளவில் அவருக்குக் கிடைக்கும் மாணாக்கர் மிகச் சிலரே. காணொளியோ சிங்கப்பூரிலும் பிரான்சிலும் உள்ள தமிழரிடத்தும் அவரைக் கொண்டு சேர்க்கும். ஆயினும், காண்பார் அனைவரும் கற்க வாரார். கற்பிப்பவரை நம்பினாரே வருவர். அந்நம்பிக்கை எதனால் விளைகின்றது? இவ்வினாவிற்கு நம் இலக்கணமும் இலக்கியமும் தரும் விடையை ஈண்டு ஆராய்வாம்.

பதிகமும் கடைக்காப்பும்

குறுமை நம்பிக்கைக்குத் தடையன்று என்பதற்குக் காரைக்காலம்மையாரே சான்றாவார். அவர் அருளிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் தனித்தனியே பதினொரு பாடல்களால் ஆயவை. முதற் பத்தும் பொருளைப் பாட, இறுதிப் பாடல் பாடினார் பெயரையும் பாடுவார் பெறும் பயனையும் உரைத்து முடிக்கின்றது. பின்வந்த தேவார ஆசிரியர் பதிகங்களிலும் இம்மரபு தொடரக் காண்கின்றோம்.

இவ்வமைப்பின் அளவு கருதத்தக்கது. பொருளுக்குப் பத்துப் பாடல். பெயருக்கும் பயனுக்கும் ஒரு பாடல். இன்றைய குறுங்காணொளிகள் பல இம்முறையைத் தலைகீழாக்குகின்றன. தொடக்கத்திலேயே தம் பெயரும் வகுப்பின் பெருமையும் கூறிப் பொருளை இறுதிவரை மறைத்து வைக்கின்றன. அவற்றைக் காண்பவர் ஏமாற்றத்தோடு அகல்கின்றார். ஒற்று மிகும் இடம் ஒன்று, தளை தட்டும் வெண்பா அடி ஒன்று, பொருள் திரிந்த சொல் ஒன்று என ஒரு காணொளிக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதனை முற்றக் கூறி, இறுதியில் மட்டும் வகுப்பினைச் சுட்டுதலே பதிக நெறியாகும்.

ஆற்றுப்படையும் சான்றுரையும்

பரிசில் பெற்றார் பெறாதாரை வழியிற் கண்டு, தாம் பெற்ற வளத்தைக் கூறி அவரையும் புரவலரிடம் செலுத்துதல் ஆற்றுப்படையாம் என்பது தொல்காப்பியப் புறத்திணையியலால் அறியப்படும். கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படை 248 அடிகளில் இதனையே செய்கின்றது. ஆங்குப் பேசும் பொருநன் தான் உண்ட உணவையும் உடுத்த உடையையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றான். பொதுப்படப் புகழ்தலினும் தான் நுகர்ந்ததைக் கூறுதலே கேட்போர் உள்ளத்தில் தைப்பதாகும்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆற்றுப்படுத்தும் பொருநன் தான் பெற்ற பரிசிலை மறைப்பதில்லை. அதனை வெளிப்படக் கூறுதலே அவன் கூற்றின் உயிர்நிலை. இன்று பிறர் பொருளைப் புகழ்ந்து காணொளி வெளியிடுவார் சிலர், அதற்கெனத் தாம் பெற்ற தொகையை மறைத்துவிடுகின்றனர். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021 மே திங்களில் இத்தகையோர்க்கென நெறிமுறை வகுத்ததும், நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை 2023 சனவரியில் வழிகாட்டி வெளியிட்டதும் இம்மறைப்பினைக் களைதற்பொருட்டேயாம். பொருளோ பரிசோ பெற்றிருப்பின், அதனைக் காண்போர் தெளிவாக உணருமாறு அறிவித்தல் வேண்டும் என்பது அவற்றின் சாரம். ஆற்றுப்படை இயல்பாகக் கடைப்பிடித்த நெறியை இக்காலத்தில் விதியால் நிறுவ வேண்டியதாயிற்று.

பாயிர நெறி

தன்னைத்தான் புகழ்தல் தகுமா என்னும் வினாவிற்கு நன்னூல் நேர்விடை தருகின்றது. அரிய நூல் செய்தாரேனும் தற்புகழ்ச்சி தகாது என்பது பொதுவிதி. அரசவைக்கு ஓலை விடுக்குமிடத்தும், தம் ஆற்றல் அறியாதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்லும் பொழுதும், எதிரி தம்மைப் பழித்தவழியும் அது பொருந்தும் என்பது சிறப்புவிதி. குறுங்காணொளியைக் காண்பவர் பெரும்பாலும் பேசுபவரை முன்னர் அறியாதவர். ஆதலின் தம் தகுதியை அளவோடு கூறுதல் இரண்டாம் விலக்கின்பாற் படும்.

சிறப்புப் பாயிரம் செய்தற்குரியாரையும் அந்நூல் வரையறுக்கின்றது. ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என்னும் நால்வரும் நூலை உள்ளிருந்து அறிந்தவர். புகழ் மிக்கார் என்னும் ஒன்றே பற்றி ஒருவரை நன்னூலார் அதற்குரியவராக்கவில்லை. வகுப்பினை உள்ளவாறு அறியாத திரைக்கலைஞர் ஒருவரின் பாராட்டினும், அவ்வகுப்பில் ஓராண்டு பயின்ற மாணாக்கர் தாம் எழுதிய வெண்பாவை அலகிட்டுக் காட்டுதல் வலிய சான்றாம்.

மேலும், சிறப்புப் பாயிரம் உணர்த்தும் எட்டும் கட்டண வகுப்பின் அறிவிப்புக்கு அப்படியே பொருந்துகின்றன. கற்பிப்பவர் யார், யாரிடம் கற்றவர், எத்துணை எல்லை வரை கற்பிப்பார், வகுப்பின் பெயர் யாது, எதனைக் கற்றபின் இதனைக் கற்றல் வேண்டும், பொருள் யாது, யாருக்குரியது, பயன் யாது என்பன அவை. சிலர் கூட்டியுரைக்கும் காலம், களம், காரணம் என்னும் மூன்றும் சேரப் பதினொன்றாம். இவற்றோடு கட்டணத்தையும் கூறிவிடின் கற்பவர் ஐயுறுதற்கு இடமில்லை. ‘யாருக்குரியது’ என்பதனை உரைக்குங்கால், யாருக்கு உரியதன்று என்பதனையும் உடன் உரைத்தல் நன்று. தகாதாரைத் திருப்பி அனுப்பும் ஆசிரியரையே தக்கார் நம்புவர்.

காரைக்கால் தரும் சான்று

இந்நெறிகள் ஒருங்கே செயற்பட்ட வரலாறு ஒன்று காரைக்காலோடு தொடர்புடையது. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தை ஊர்தோறும் பாடி நிகழ்த்தினார். அதன் கீர்த்தனங்கள் மக்கள் நாவில் ஏறின. நூல் அச்சேறுமுன் பாட்டு ஊரேறிற்று. காரைக்காலில் சிசே என்னும் பிரெஞ்சு அதிகாரி அதனில் ஈடுபட்டு, 1860களின் தொடக்கத்தில் அது அச்சாதற்குத் துணைநின்றார். குறுகிய கீர்த்தனம் வழிகோல, முழுநூல் பின்வந்தது.

அந்நூலுக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களைப் பாரதியார் பன்முறை அணுகினார். இலக்கண வழுக்கள் உளவாதல் பற்றிப் பிள்ளையவர்கள் காலம் தாழ்த்தினார். ஒருநாள் திண்ணையில் காத்திருந்த பாரதியார் பாடிய கீர்த்தனம் ஒன்று உள்ளே இருந்த பிள்ளையவர்கள் செவியிற் பட, உளம் உருகிப் பாயிரம் அளித்தார் என்பது உ. வே. சாமிநாதையர் தந்த செய்தி.

இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். எளிதிற் கிடையாத பாயிரமாதலின் அதற்கு மதிப்பு மிகுந்தது என்பது ஒன்று. அவரை இசைவித்தது வேண்டுகோள் அன்று, பொருளின் தரமே என்பது மற்றொன்று. திண்ணையிற் பாடிய ஒரு பாட்டு, முழுநூலின் தன்மையை மறைவின்றிக் காட்டிற்று. குறுங்காணொளியும் முழு வகுப்பின் உண்மையான ஒரு துண்டாதல் வேண்டும். வகுப்பில் இல்லாத பொலிவினை அது காட்டுமாயின், முதல் திங்களிலேயே பொய் வெளிப்படும்.

முடிபு

அவைக்கு வந்தவர் கேட்க விரும்பி வந்தவர். குறுங்காணொளியோ விரும்பாதார் கண்முன்னும் தானே வந்து நிற்பது. விரல் அசைவில் மறைவது. இவ்வேறுபாடு பெரிதே. அவ்விரைவினால் தவறும் விரைந்து பரவுகின்றது. திருவள்ளுவரும் ஔவையாரும் கூறாதன அவர் பெயரால் வழங்குதற்கு இதுவும் ஒரு வாயிலாகிவிட்டது. தமிழ் கற்றார் இக்களத்தினின்று விலகி நிற்பின், கல்லாதார் கூற்றே தமிழெனக் கொள்ளப்படும். புகுவாராயின், பொருளை முற்றக் கூறியும், பெற்றதை வெளிப்படுத்தியும், அறிந்தார் சான்றினையே காட்டியும், பிழை நேரின் அதே களத்தில் திருத்தியும் நடத்தல் கடனாம். கருவி புதிது, நம்பிக்கை விளையும் நெறியோ நன்னூற் பாயிரத்திலேயே உளது. முதுகலை மாணாக்கர் பாயிரவியலைத் தேர்வுக்குரிய பகுதியாக மட்டும் கொள்ளாது, தம் வாழ்வுக்குத் துணையாகவும் கொள்வாராக.