கொரோனாவில் விட்டுப்போன சிறப்புக் கல்வி: இப்போது கேட்டுப் பெற முடியுமா?

தமிழகத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தன. அடுத்த வாரமே கனமழை. செங்கல்பட்டு மாவட்டத்தில் மறுபடி விடுமுறை. மற்ற பிள்ளைகள் இழந்தது பாடம். அதை ஈடுகட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’யும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் வந்தன. சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகள் இழந்தது அதைவிடப் பெரியது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு இயன்முறைப் பயிற்சி நின்றுபோனால் தசை இறுகும். ஒரு வருடத்தில் கால் வளர்ந்திருக்கும். பழைய அளவு காலிப்பரை மாட்டினால் கணுக்காலில் புண் வரும். ஆட்டிசம் உள்ள பிள்ளை பல மாதப் பயிற்சியில் பழகிய பேச்சையும், வகுப்பில் உட்காரும் பொறுமையையும் வீட்டில் அடைந்து கிடந்ததில் இழந்துவிடும். தாம்பரம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி பக்கத்திலிருந்து சென்னை நகருக்குள் தெரபிக்குப் போகும் குடும்பங்களுக்கு மின்சார ரயில்தான் கட்டுப்படியாகும் வழி. 2020-இன் பெரும்பகுதி அது பொதுமக்களுக்கு ஓடவில்லை.

2020 ஜூனில் ஐந்தாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைக்கு 2025-26 பத்தாம் வகுப்பு ஆண்டு. விட்டுப்போனதைக் கேட்பதற்கான காலம் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே, பெற்றோரிடம் இன்னும் நீங்காமல் இருக்கும் சில சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

அரசு உத்தரவுப்படிதானே பள்ளிகளை மூடினார்கள்? அந்தக் காலத்துக்கு நமக்கு என்ன உரிமை இருக்க முடியும்?

பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் வந்த உத்தரவுகள் பள்ளிக் கட்டடங்களை மூடின. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 ஒரு நாள்கூட நிறுத்தி வைக்கப்படவில்லை. அந்தச் சட்டத்தின் 8-வது பிரிவு, பேரிடர் போன்ற ஆபத்துக் காலங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறையும் 2020 மார்ச் மாத இறுதியிலேயே, ஊரடங்கில் இவர்களை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று மாநிலங்களுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. பள்ளியை மூடியது தவறு என்று யாரும் சொல்லவில்லை. மூடிய பிறகு இந்தப் பிள்ளைகளுக்கு மாற்று வழி செய்யாமல் விட்டதுதான் சட்டத்தை மீறிய செயல்.

எங்கள் பிள்ளை படிப்பது தனியார் பள்ளி. ‘இதெல்லாம் அரசுப் பள்ளிக்குத்தான்’ என்கிறார்களே?

தவறு. அரசு நிதி பெறும் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி இரண்டுக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 16-வது பிரிவு பொருந்தும். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்த முடியாது. எனவே ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் உள்ள மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் இதில் அடக்கம். பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதியைச் செய்துதர வேண்டும், கற்றல் குறைபாட்டை முடிந்தவரை சீக்கிரம் கண்டறிய வேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு வரிசையாகச் சொல்கிறது.

ஆன்லைன் வகுப்பு நடத்தினோம், கல்வித் தொலைக்காட்சி இருந்தது என்கிறார்கள். அது போதாதா?

காது கேளாத ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஆசிரியரின் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிய பிள்ளை. அப்பாவின் போனில், முப்பது நாற்பது முகங்களுக்கு நடுவே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஆசிரியரின் முகம். சிக்னல் குறைந்தால் அதுவும் உறைந்து நிற்கும். பாதி நேரம் ஆசிரியர் கேமராவை அணைத்துவிட்டுப் புத்தகப் பக்கத்தைக் காட்டுவார். எழுத்து விளக்கமும் இல்லை, சைகை மொழியும் இல்லை. வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளை ‘ஆஜர்’. இதை ‘கல்வி தரப்பட்டது’ என்று எந்த நேர்மையான அதிகாரியாலும் எழுத முடியாது.

மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மின்பாடங்களை எப்படித் தயாரிக்க வேண்டும் என்ற வழிகாட்டுதலை மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்டதே 2021 ஜூன் 8 அன்றுதான். அதற்குள் ஒரு முழுக் கல்வியாண்டு போய்விட்டது. கருவி இல்லாத பிரச்சினை நீதிமன்றத்துக்கும் சென்றது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிகளே செல்போன், டேப்லெட் போன்ற கருவியும் இணைய வசதியும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பர் 18 அன்று தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், ஏழைப் பிள்ளைகளின் டிஜிட்டல் இடைவெளியை அப்படியே விட முடியாது, திட்டம் வகுத்துக் கொண்டு வாருங்கள் என்று டெல்லி அரசிடம் கேட்டதும் உச்ச நீதிமன்றம்தான்.

‘உங்கள் பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்விதான் சரி’ என்று பள்ளி திறந்த பிறகும் சொல்கிறார்கள். சேர்க்க மறுக்கலாமா?

கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உள்ள பிள்ளைகள் வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. தேர்வு செய்யும் உரிமை பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உரியது. பிள்ளையை வெளியே நிறுத்த நிர்வாகம் அதைப் பயன்படுத்த முடியாது. ‘நாங்களே விரும்பி வீட்டுவழிக் கல்வி கேட்கிறோம்’ என்று கடிதம் எழுதித்தரச் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இழந்த மாதங்களுக்கு ஈடாகக் கூடுதல் வகுப்பு, தெரபி கேட்கலாமா? இத்தனை வருடம் கழித்துக் கேட்டால் ஏற்பார்களா?

அமெரிக்காவில் இது நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரப் பள்ளி நிர்வாகம் பெருந்தொற்றுக் காலத்தில் தர வேண்டிய சிறப்புக் கல்வியை முறையாகத் தரவில்லை என்று அந்நாட்டுக் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகம் விசாரித்துக் கண்டறிந்தது. 66,000-க்கும் மேற்பட்ட மாற்றுத்திறன் மாணவர்களில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கணக்கிட்டு ஈடுசெய்ய 2022 ஏப்ரலில் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. ‘ஈடுசெய்யும் கல்வி’ என்ற கோட்பாடு அங்கே பல ஆண்டுகளாக வேரூன்றியது.

நம் சட்டத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. அதனால் ‘2020-இல் தராததை இப்போது கொடு’ என்று மட்டும் கேட்டால், காலம் கடந்துவிட்டது என்ற பதில் வரலாம். கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 31-வது பிரிவு தருகிறது. தேவைக்கேற்ற தனிப்பட்ட ஆதரவை 16-வது பிரிவு தருகிறது. இரண்டும் இன்றைக்கும் நடப்பில் உள்ள உரிமைகள். பிள்ளை இன்று எந்த நிலையில் இருக்கிறது, இந்தப் பின்னடைவு எப்போது ஏற்பட்டது, அதைச் சரிசெய்ய வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தேவை என்று கேளுங்கள். கொரோனா கால இழப்பு அந்தக் கோரிக்கைக்குச் சான்று. மதிப்பீட்டுக்கு அலைய வேண்டாம். பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காகவே முட்டுக்காட்டில் ‘நிப்மெட்’ என்ற மத்திய அரசு நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது.

சிறப்பாசிரியர் இல்லை என்று கைவிரிப்பார்கள். உச்ச நீதிமன்றம் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று தந்த தீர்ப்பை அப்போது எடுத்துக்காட்டுங்கள். தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர் வேண்டும் என்றது அது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், அதற்கான பணியிடங்களை உருவாக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒரு மாற்றுத்திறன் பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய்தான் அளவுகோல். மாதம் 300 ரூபாய்கூட ஆகவில்லை. நிதியும் ஆளும் கூடாமல் இழப்பைச் சரிசெய்ய முடியாது என்பதை அரசும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊரடங்கில் முகாம் நடக்காததால் மாற்றுத்திறனாளி என்ற சான்றிதழ் வாங்கவில்லை. யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இல்லை. கேட்க முடியாதா?

சான்றிதழுக்கு உடனே விண்ணப்பியுங்கள். ஆனால் அது கையில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தேவைக்கேற்ற வசதி கேட்க 40 விழுக்காடு கட்டாயம் இல்லை என்று விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இலவச உபகரணம், உதவித்தொகை போன்றவற்றுக்குத்தான் அந்த வரம்பு.

பொதுத் தேர்வில் என்ன கேட்கலாம்?

சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் நம் மாநிலப் பொதுத் தேர்வில் உள்ளன. கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பள்ளி வழியாக விண்ணப்பித்துவிடுங்கள். தேர்வு அறையில் மறுத்தால் அங்கேயே எழுத்தில் பதிவு செய்யுங்கள். 2021 நீட் தேர்வில், எழுதுவதில் குறைபாடு உள்ள ஒரு மாணவிக்குத் தர வேண்டிய கூடுதல் நேரத்தைத் தராமல் விடைத்தாளை வாங்கிக்கொண்டார்கள். அந்த அவ்னி பிரகாஷ் வழக்கில் தேர்வு முகமையின் செயலை உச்ச நீதிமன்றம் கண்டித்து, அநீதியைச் சரிசெய்ய வழி காணச் சொன்னது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை.

மனுவை யாரிடம் கொடுப்பது? எப்படி எழுதுவது?

முதலில் உங்கள் வீடு எந்த மாவட்டம் என்று பாருங்கள். புறநகரில் பலர் இதில்தான் அலைக்கழிக்கப்படுகிறார்கள். ஆலந்தூர், சோழிங்கநல்லூர் பக்கம் சென்னை மாவட்டம். பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் வட்டங்கள் 2019 நவம்பர் முதல் செங்கல்பட்டு மாவட்டம். தாம்பரம் மாநகராட்சி ஆனதால் மாவட்டம் மாறவில்லை.

தலைமை ஆசிரியரிடம் முதல் மனு. நகல்கள் வட்டார வள மையத்துக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். ‘என் மகன் பின்தங்கிவிட்டான், உதவி செய்யுங்கள்’ என்று எழுதும் மனு கோப்பிலேயே கிடக்கும். இப்படி எழுதுங்கள்:

“என் மகனுக்கு வயது 12. செவித்திறன் குறைபாடு 75 விழுக்காடு. 2020 பிப்ரவரி வரை வாரம் இரண்டு நாள் சிறப்பாசிரியர் வந்தார். 2020 மார்ச் முதல் 2021 அக்டோபர் வரை ஒரு வருகையும் இல்லை. இப்போது மாதம் ஒரு முறைதான் வருகிறார். உரிமைகள் சட்டம் 16-வது பிரிவின்படி அவன் கற்றல் நிலையை மதிப்பிட்டு, தனிநபர் கல்வித் திட்டத்தை எழுத்தில் தர வேண்டும். சிறப்பாசிரியரின் வருகையை வாரம் இரண்டு நாளாக ஆக்க வேண்டும். 30 நாளில் எழுத்துபூர்வமாகப் பதில் வேண்டும்.”

பழைய தெரபி நோட்டு, மருத்துவமனை ரசீது, ஆசிரியருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றின் நகலையும் இணையுங்கள். கையில் ஒன்றும் இல்லையா? பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 2020-21-இல் உங்கள் வட்டாரத்தில் எத்தனை சிறப்பாசிரியர்கள் இருந்தார்கள், உங்கள் பிள்ளை வீட்டுக்கு எத்தனை முறை வந்ததாகப் பதிவு உள்ளது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

அடுத்த படி, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். வழக்கறிஞர் இல்லாமலே புகார் தரலாம். சிவில் நீதிமன்றத்தைப் போல ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் தருவது பரிந்துரைதான் என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் பலவீனம். ஆனாலும் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்றோ, ஏன் ஏற்கவில்லை என்றோ பரிந்துரை பெற்ற அலுவலகம் மூன்று மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்த முறைகளில் 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு. அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

வழக்கு என்றால் செலவு ஆகுமே?

சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் 12-வது பிரிவில் குழந்தைகள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் மூவருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. தாம்பரம் வட்டச் சட்டப் பணிகள் குழுவையோ, செங்கல்பட்டு மாவட்ட ஆணைக்குழுவையோ அணுகலாம். தொலைபேசியில் கேட்க 15100.

புகார் கொடுத்தால் பிள்ளையைப் பழிவாங்க மாட்டார்களா?

இந்த அச்சம் நியாயமானது. பிள்ளையை மனரீதியாகத் துன்புறுத்துவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது என்பது ஒரு காப்பு. அதைவிடப் பெரிய காப்பு, பெற்றோர் சேர்ந்து நிற்பது. ஒரே பள்ளியில், ஒரே வட்டாரத்தில் இதே தேவை உள்ள நாலைந்து குடும்பங்கள் கையெழுத்திட்ட கூட்டு மனுவில் எந்த ஒரு பிள்ளையையும் தனியாகக் குறிவைக்க முடியாது.

எந்த அலுவலகத்தில் மனு கொடுத்தாலும், தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ஆணையரும் நீதிமன்றமும் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.