மாவுப்பூச்சி என்று நினைத்து...

மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் தோட்டம் போட்ட முதல் வருடம், மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் ஏழு பாட்டில்கள் இருந்தன. பஞ்சகவ்யா, மீன் அமிலம், வேப்பெண்ணெய், இஞ்சி-பூண்டு-மிளகாய்க் கரைசல், ஹியூமிக் அமிலம், கடல்பாசிச் சாறு. ஏழாவதில் லேபிள் உரிந்துவிட்டது; அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. ரசாயனமே கூடாது என்று தொடங்கிய தோட்டம்தான். ஆனாலும் அந்த அலமாரி பார்ப்பதற்கு மருந்துக்கடை போலத்தான் இருந்தது. இலையில் புள்ளி தெரிந்தால் ஒரு பாட்டில், பூ கொட்டினால் இன்னொன்று. பூச்சிக்கொல்லிக் கடையை விட்டு நான் வெளியே வரவில்லை, பக்கத்துக் கடைக்கு மாறியிருந்தேன், அவ்வளவுதான்.

மாசி கடைசியில் கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி வந்தது. இலைக்காம்பும் தண்டும் சேரும் இடங்களில் இட்லி மாவு சிந்திக் காய்ந்ததுபோல் வெள்ளை வெள்ளையாக. பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர் சகிதம் தினமும் காலையில் கால் மணி நேரம் தேய்த்தேன். கூட்டத்தில் சில பூச்சிகள் மற்றவற்றைவிடப் பெரியவை. உடம்பு முழுக்க வெள்ளை மெழுகு நூல்கள் நீட்டிக்கொண்டிருக்கும், தொட்டால் விறுவிறுவென்று ஓடும். இவைதான் தாய்ப்பூச்சிகள் போலிருக்கிறது என்று தேடித் தேடி முதலில் அவற்றை நசுக்கினேன். மூன்று வாரத்தில் மாவுப்பூச்சி கத்தரியிலிருந்து செம்பருத்திக்கும் அங்கிருந்து கொய்யாவுக்கும் போய்விட்டது.

நசுக்கியது எதை என்று வெகுநாள் கழித்து ஒரு புகைப்படத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. அவை ஒருவகைப் பொறிவண்டின் குஞ்சுகள். வளர்ந்தால் செம்பழுப்புத் தலையும் கறுத்த முதுகுமாகச் சின்ன வண்டாகிவிடும். குஞ்சாக இருக்கும்போது தான் தின்னும் மாவுப்பூச்சியைப் போலவே வேஷம் போடும். காபித் தோட்டத்துச் செதில்பூச்சியை ஒழிக்க 1898ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த இனம் இது. அடையாளம் காண்பதற்குப் பூதக்கண்ணாடிகூட வேண்டாம். மாவுப்பூச்சி நகரவே சோம்பல்படும், ஓடுவது வண்டின் குஞ்சு. என் செடிக்குச் சம்பளமில்லாமல் வேலைக்கு வந்தவர்களை நானே தினமும் காலையில் பிரஷ்ஷால் தேய்த்துக் கொன்றிருக்கிறேன்.

மாவுப்பூச்சி பரவிக்கொண்டிருந்த சமயம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். செடியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "பூச்சியப் பாத்தியே, எறும்பப் பாத்தியா?" என்றார். தண்டில் கறுப்பெறும்புச் சாரி மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. மாவுப்பூச்சி செடியின் சாற்றை அளவுக்கு மீறி உறிஞ்சி, மிச்சத்தை இனிப்புத் திரவமாக வெளியே விடும். எறும்புக்கு அது பாயசம். அதற்காகவே பூச்சியைக் காவல் காக்கும், எதிரி வண்டுகளை விரட்டும், ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குத் தூக்கிக்கொண்டும் போகும். தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் வைத்தோம். (தட்டுத் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கொசு வளர்த்த புண்ணியம் சேரும்.) பக்கத்துச் சுவரையோ செடியையோ தொடும் கிளைகளை வெட்டினோம், இல்லையென்றால் எறும்பு அதைப் பாலமாக்கிக்கொள்ளும். பாட்டில் எதையும் திறக்கவில்லை. சித்திரை பிறப்பதற்குள் வெள்ளை பாதியாகிவிட்டது.

இதே கதை பெரிய அளவில் ஊருக்கே நடந்ததுதான். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தலைகாட்டியது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பூச்சி. அப்போது இங்கே அதை அடக்கும் அளவுக்குப் பகையாளி யாரும் இல்லை. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று பரவியது. விவசாயிகள் விதவிதமாக மருந்தடித்துப் பார்த்தார்கள். மெழுகுப் போர்வைக்குள் இருக்கும் பூச்சி தப்பியது, மற்ற பூச்சிகள்தான் செத்தன. கடைசியில் 2010இல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து வளர்த்து, தோட்டங்களில் விடச் செய்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு குளவி. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்று வெளியே வரும். சில மாதங்களிலேயே தாக்குதல் அடங்கியது. மருந்தடிப்பதை நிறுத்திய இடங்களில்தான் குளவிக்கு வேலை செய்ய வழி கிடைத்தது.

வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே, அதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். லிட்டருக்கு ஐந்து மில்லி எண்ணெயைக் கொஞ்சம் காதி சோப்போடு கலந்து அடித்தால், அது அசுவினி மேல் விழுகிறபோதே பொறிவண்டுக் குஞ்சு மேலும் விழும். எண்ணெய்க்கும் சோப்புக்கும் ஆள் தெரியாது. இப்போது ஒரு செடியில் மூன்று இலைக்கு மேல் பரவினால்தான், அந்தக் கிளைக்கு மட்டும் அடிக்கிறேன். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் வந்தால் அதுவும் கிடையாது. அது வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவருவது, எந்தப் பாட்டிலுக்கும் கேட்காது. செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். மனசு கேட்காமல் வைத்திருந்து வரிசை முழுவதையும் இழந்திருக்கிறேன்.

பஞ்சகவ்யாவையும் குறை சொல்லவில்லை. கொடுமுடி டாக்டர் நடராஜன் பசுவின் ஐந்து பொருள்களோடு இளநீர், வாழைப்பழம், கரும்புச்சாறு எல்லாம் சேர்த்து அதற்கு ஒரு பக்குவம் கொண்டுவந்தார். லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி என்பது கணக்கு. நிறைய ஊற்றினால் நிறைய வளரும் என்று நான் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றிய மிளகாய் நாற்றுகள் இரண்டே நாளில் கருகின. கீழ்வீட்டுக்காரர் நாற்றம் தாங்காமல் மேலே ஏறி வந்தது தனிக் கதை.

உண்மையில் கவனம் போக வேண்டிய இடம் மண். மாடியில் தோட்டத்து மண்ணை அப்படியே நிரப்பக் கூடாது. ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய 50 கிலோ கனக்கும். செம்மண், மட்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலக்கிறேன், கூடவே தொட்டிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கட்டியை ஊறவைத்து, தண்ணீரை இரண்டு முறையாவது வடித்துக் கொட்ட வேண்டும். அதில் உப்பு இருக்கும். இந்த ஒரு வேலையைச் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டு, நாற்று ஏன் கருகுகிறது என்று கடைக்காரரோடு சண்டை போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

சமையலறைக் கழிவுக்கு இரண்டு மண்தொட்டி, பக்கவாட்டில் துளையிட்டவை. ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை. நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னும் சருகு போட்டுக் கிளறினால் போதும். ஒரு மழைநாளில் உள்ளே தடித்த பழுப்புப் புழுக்கள் நெளிவதைப் பார்த்து மொத்தத்தையும் கொட்டிவிடப் போனேன். அவை கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுக்கள். அந்த ஈ சோற்றில் வந்து உட்காராது, புழு கழிவைத் தின்று உரமாக்கும். தக்காளி அடியில் கறுத்து அழுகினால் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். ஓடு மட்கிச் சுண்ணாம்புச் சத்து கிடைக்க மாதக்கணக்காகும். பெரும்பாலும் தண்ணீர் ஒருநாள் வெள்ளம், ஒருநாள் வறட்சி என்று ஊற்றுவதால் வருகிற கோளாறு அது. மண்மேல் இரண்டு அங்குலம் சருகு மூடாக்கு போட்டு அளவாகத் தண்ணீர் விட்டால் அடுத்த காய் நன்றாக வரும்.

தண்ணீர் என்றதும் 2019 ஜூன் ஞாபகம் வருகிறது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. தெருவே குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தபோது செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் யார் கண்ணிலும் படக் கூடாது என்ற கூச்சம். அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர், ஏ.சி. சொட்டு, இவைதான். ஆர்.ஓ. மிச்சத்தை ஊற்றிப் பார்த்தேன், தொட்டி விளிம்பில் வெள்ளை உப்புப் பூத்தது. பொன்னாங்கண்ணியும் கொடிப்பசலையும் அந்தக் கோடையைத் தாண்டின. தக்காளி தாண்டவில்லை.

போன ஆடியில் போட்ட சுரை, பந்தல் நிறையப் படர்ந்து பூத்தும் காய் நிற்கவில்லை. பிஞ்சு சுண்டுவிரல் அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்தது. பூசணிக்குச் செய்வதுபோலக் காலை ஏழு மணிக்கு ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவினேன். பயனில்லை. சுரைப்பூ வெள்ளைப்பூ, பொழுது சாயும்போதுதான் விரியும். அந்துப்பூச்சி வந்து மகரந்தம் சேர்க்கும். காலையில் நான் தடவியதெல்லாம் வாடிய பூ. அதைவிடப் பெரிய கூத்து, வேப்பெண்ணெய் வெயிலில் வீரியம் இழக்கும் என்பதால் நான் பந்தலுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்ததும் சரியாகச் சாயங்காலம் ஆறரை மணிக்கு.

அடிப்பதை நிறுத்திவிட்டு ஒருநாள் அந்த நேரத்துக்குச் சும்மா போய் நின்றேன். இருட்டு கவியக் கவியப் பூக்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. அந்துப்பூச்சி எதுவும் வரவில்லை. இத்தனை நாள் வரவிட்டால்தானே. நானே மூன்று பெண்பூக்களுக்கு மகரந்தம் தொட்டுவைத்தேன். இரண்டு நின்றன. மூன்றாவதை அணில் கொண்டுபோயிற்று.