மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?

"எடை ஏறிடுச்சுங்க மேடம், பசியும் நல்லா எடுக்குதுங்க. மாத்திரைய எப்பங்க நிறுத்தறது?"

கொங்குப் பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகராக இருக்கிறேன். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். சிகிச்சை தொடங்கிச் சில மாதங்கள் கழிந்து, உடம்பு தேறியவர்கள் கேட்பார்கள். எனக்குப் பயமும் அவர்களை நினைத்துத்தான். படுத்த படுக்கையாக இருக்கும்போது யாரும் மருந்தை விடுவதில்லை. நன்றாக நடமாடத் தொடங்கிய பிறகுதான் விடுகிறார்கள்.

"நிறுத்தவே கூடாதுங்கண்ணா" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அது வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்துவிடும். ஏன் என்று உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

எச்.ஐ.வி. நம் ரத்தத்தில் உள்ள சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களுக்குள் நுழைகிறது. நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றுகிறது. பிறகு அந்த டி.என்.ஏ.வை நம் அணுவின் டி.என்.ஏ.வோடு இணைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த அணுவே புதிய வைரஸ்களை உண்டாக்கி வெளியே அனுப்பும். நாங்கள் கொடுக்கும் ஒரே மாத்திரையில் மூன்று மருந்துகள் உள்ளன: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். முதல் இரண்டும் மாற்றும் வேலையைத் தடுக்கின்றன, மூன்றாவது இணைக்கும் வேலையைத் தடுக்கிறது. இதனால் புதிய அணுக்கள் பிழைக்கின்றன, சி.டி.4 எண்ணிக்கை மெல்ல ஏறுகிறது. ஆனால் வைரஸ் முன்பே இணைந்துவிட்ட அணுக்களில் சில எதுவும் செய்யாமல் உறங்கிக் கிடக்கும். அங்கே மாற்றவோ இணைக்கவோ எதுவும் நடக்காததால் மருந்தால் அவற்றைத் தொட முடியாது. காட்டு வேலை பார்ப்பவர்களிடம் கோரையைச் சொல்வேன். செதுக்கிவிட்டால் காடு சுத்தமாகத் தெரியும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பப் பெருகிவிடும். இதைக் கேட்டதும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலை நான் நம்புவேன்.

விட்டுவிட்டுச் சாப்பிடுவதும் ஆபத்துதான். மருந்து அரைகுறையாக இருக்கும் ரத்தத்தில் வைரஸ் பெருகும்போது மருந்துக்கு அடங்காத வகைகள் தலையெடுக்கும். லாமிவுடினுக்கு அடங்காமல் போக வைரஸின் மரபணுவில் ஒரே ஒரு மாற்றம் போதும்.

ஆனால் மாத்திரையைத் தவறவிடுகிறவர்கள் மறதியால் தவறவிடுவது குறைவு. டப்பாவின் மேல் ஒட்டிய தாளை எங்கள் வாசலிலேயே கிழித்து எறிகிறவர்களைப் பார்க்கிறேன். பேருந்தில் மாத்திரைகள் குலுங்கிச் சத்தம் வரக் கூடாது என்று டப்பாவுக்குள் பஞ்சு திணிக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனி விடுதியில் ஒரே அறையில் பலரோடு தங்கும் பெண், எல்லோரும் தூங்கிய பிறகுதான் மாத்திரை போட முடிகிறது என்கிறாள். அவள் அசந்து தூங்கிவிட்டால் அன்றைய மாத்திரை போய்விடும். "காலையில போட்டுக்கம்மா, வேலைக்குக் கிளம்புற நேரத்துல யாரும் கவனிக்க மாட்டாங்க" என்று நேரத்தை மாற்றித் தந்தோம். முன்பெல்லாம் எஃபாவிரென்ஸ் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கனவும் தலைசுற்றலும் வரும் என்பதால் அதை இரவில்தான் தர வேண்டியிருந்தது. அதற்கும் முந்தைய ஸ்டாவுடின் கன்னத்தை ஒட்டவைத்து, ஆளை ஊருக்கே காட்டிக்கொடுத்தது. இப்போதைய மாத்திரையில் அந்தத் தொல்லைகள் இல்லை. டப்பாவில் பஞ்சு திணிப்பது மட்டும் நிற்கவில்லை, அதுதான் என் வருத்தம்.

இந்த மாத்திரை கைக்கு வந்துசேரவே நெடுங்காலம் ஆனது. இந்தியாவில் இந்தத் தொற்று முதலில் தெரியவந்தது 1986-இல், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். அவற்றை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது தொற்று தெரிந்தது. பல ஆண்டுகள் மருந்து இருந்தும் ஏழைகளுக்கு எட்டவில்லை. மேலை நாடுகளில் கூட்டு மருந்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவான காலத்தில், 2001-இல் சிப்லா நிறுவனம் அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரத் தொடங்கினார்கள். தாம்பரம் சானடோரியம் அந்த முதல் மையங்களில் ஒன்று. அப்போது சி.டி.4 நன்றாகக் குறைந்த பிறகுதான் மருந்து கிடைக்கும். 2017 முதல் தொற்று உறுதியானாலே தொடங்கிவிடுகிறோம்.

தொடங்கிய ஆறாம் மாதம் வைரல் லோடு பார்ப்போம். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லும் சோதனை அது. கண்டறிய முடியாத அளவுக்கு அது இறங்கி, அப்படியே நிலைத்திருந்தால் உடலுறவு வழியாக அவரிடமிருந்து தொற்று பரவாது. ஐரோப்பாவில் 14 நாடுகளில், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 888 ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். தொற்றுள்ளவர்கள் மருந்தில் இருந்தார்கள், ஜோடிகள் ஆணுறை பயன்படுத்தவில்லை. துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. என் மேசைக்கு எதிரில் அமரும் கணவன் மனைவியிடம் இதைச் சொல்லும்போது பல நேரம் மனைவிதான் முதலில் அழுகிறார். குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்பது அடுத்த கேள்வி. பெற்றுக்கொள்ளலாம்.

தாய்க்குத் தொற்று இருந்தாலும் வழி இருக்கிறது. சிகிச்சையே இல்லாவிட்டால் நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றும். தாய் மருந்து சாப்பிட்டு, பிறந்ததும் குழந்தைக்கும் தடுப்பு மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே போகிறது. குழந்தையின் ஆறாவது வாரத்தில் வைரஸையே தேடும் சோதனை செய்வோம். வழக்கமான சோதனை தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளையும் காட்டிவிடும் என்பதால், அதை வைத்துக் கடைசி முடிவு சொல்லப் பதினெட்டு மாதம் வரை பொறுக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் தாய்மார்கள் படும் பாடு பெரிது. பக்கத்தில் இருப்பவர்கள் அவர்களிடம் குறுக்கு விசாரணை செய்யாமல் இருந்தாலே பேருதவி.

தொற்று இருக்குமோ என்ற சந்தேகம் உள்ளவர்கள் அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். பரிசோதனை இலவசம், கட்டாயப்படுத்த மாட்டார்கள், முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டமும் இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதை அது தடுக்கிறது. 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். பிறருக்குப் போட்ட ஊசி குத்திவிட்டது, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார் என்றால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு வர வேண்டும், சீக்கிரம் வருவது இன்னும் நல்லது. 28 நாள் விடாமல் மருந்து சாப்பிட்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

லாரி ஓட்டுகிறவர்கள் கேட்பார்கள்: "மாசக் கணக்குல நாக்பூர், குவாஹாத்தின்னு சுத்தறமுங்க, மாத்திரை தீர்ந்துட்டா?" எங்கே இருந்தாலும் அங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்தில் சிகிச்சைப் புத்தகத்தைக் காட்டிக் கேளுங்கள் என்பேன். புத்தகத்தை வண்டிக் காகிதங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொல்வேன்.