சதுரங்கப்பட்டினத்தில் முறிந்த பேச்சு

மதுராந்தகத்திலிருந்து மாணவர்களைச் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்கு அழைத்துப் போனால், கல்லறைகளில் செதுக்கிய எழுத்துகளை முதலில் காட்டுவேன். பிறகு 1754 ஜனவரிக் கதை.

கர்நாடகப் போரில் மோதிய ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், பொது இடமென்று இந்த டச்சு ஊரில்தான் கூடினார்கள். சென்னையிலிருந்து பால்க், வான்சிட்டார்ட். புதுச்சேரியிலிருந்து பாதிரியார் லவோர் குழு. ஆற்காட்டு நவாப் யார் என்பதே வழக்கு. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் தரப்பு முகலாயச் சனதுகளை, அதாவது அரசாணைகளை, நீட்டியது. ஆங்கிலேயர் அவற்றை நம்பவில்லை. பேச்சு முறிந்தது. அதே ஆண்டு டூப்ளே பதவியிழந்து கப்பலேறினார்.

ஐரோப்பியத் தூதர்கள் பிரெஞ்சில் நயமாகப் பேசப் பழகிய காலம் அது. இங்கோ பாரசீகமும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களும் இல்லாமல் காரியம் நடக்காது. ஆனாலும் எந்த மொழியிலும் நயத்தைத் தாங்குவது நம்பிக்கைதான். பிள்ளைகளே, வாக்கில் சுத்தம் வேண்டும்.