மாளிகையின் தடம் காட்டிய புல்

2018 கோடையில் இங்கிலாந்தில் வாரக்கணக்கில் மழை இல்லை. நாட்டிங்காம்ஷயரில் வொர்க்ஸப் ஊரை ஒட்டிய கிளம்பர் பூங்காவில், ஏரிக்கரைப் புல்வெளி காய்ந்து வந்தபோது அதில் நேர்க்கோடுகள் தெரிய ஆரம்பித்தன. டிரோனை அனுப்பி மேலிருந்து படமெடுத்தால் சுவர்கள், அறைகள், நடைவழிகள்! எண்பது ஆண்டுகளுக்கு முன் இடித்துவிட்ட மாளிகையின் தரைப்படத்தைப் புல்லே வரைந்து வைத்திருந்தது.

சூட்சுமம் வேரில் இருக்கிறது. மாளிகையை இடித்தவர்கள் தரைக்கு மேல் இருந்ததைத்தான் அகற்றினார்கள்; அடித்தளக் கற்கள் மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன. கல்லின் மேல் படிந்திருப்பது கொஞ்ச மண். ஆழமில்லாத தட்டில் வைத்த செடியைப் போல, அங்கே வேர் கீழே இறங்க வழியில்லை, ஈரமும் தங்காது. வறட்சி வந்ததும் முதலில் பழுப்பது அந்தப் புல்தான். ஒரு முழம் தள்ளி, ஆழமான மண்ணில் வளர்ந்த புல் இன்னும் சில நாள் தாங்கும். தூர்ந்துபோன அகழியோ குழியோ இருந்தால் இதற்கு நேர்மாறு: அங்கே மண்ணும் ஈரமும் அதிகம் என்பதால், சுற்றிலும் காய்ந்தாலும் அந்தத் தடம் மட்டும் பசுமையாக இருக்கும். கீழே இருப்பது சுவரா, பள்ளமா என்பதைத் தொல்லியலாளர்கள் நிறத்தை வைத்தே ஊகிக்கிறார்கள். மண்வெட்டி படாமல் கிடைக்கும் இதைவிட அழகான சான்று தொல்லியலில் அரிது என்பேன். ஆனால் நல்ல மழை பெய்து புல் துளிர்த்துவிட்டால் கோடுகள் மறைந்துவிடும். அதற்குள் படமெடுத்தாக வேண்டும்.

கிளம்பர், நியூகாசில் கோமகன்களின் மாளிகை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்தது. 1879இல் பெருந்தீ அதன் பெரும்பகுதியைத் தின்றது. கட்டடக்கலைஞர் இளைய சார்லஸ் பாரியை வைத்து மீண்டும் கட்டினார்கள். 1912இல் இன்னொரு தீ. அதையும் தாண்டி நின்றது. பணத்தட்டுப்பாட்டைத்தான் தாண்ட முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் தானியம் மலிவாக வந்து குவிய, இங்கிலாந்து நிலக்கிழார்களின் குத்தகை வருமானம் சரிந்தது. 1894 முதல் உரிமையாளர் இறக்கும்தோறும் வாரிசுகள் சொத்து வரி கட்ட வேண்டியிருந்தது. முதல் உலகப்போருக்குப் பின் பணியாட்களும் கிடைப்பது அரிதானது. 1937இல் கிளம்பரின் பொருட்கள் ஏலம் போயின. 1938இல் கட்டடமே இடிக்கப்பட்டது.

பூங்காவை 1946இல் பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு வாங்கியது. சுமார் 3,800 ஏக்கர். கட்டடக்கலைஞர் போட்லி வடிவமைத்த தேவாலயம் இன்றும் முழுசாக நிற்கிறது. சுமார் மூன்று கிலோமீட்டர் நீளச் சாலையின் இருபுறமும் இரட்டை வரிசையாக 1,296 லிண்டன் மரங்கள். அருகே போய்ப் பாருங்கள், அடிமரங்களில் கறுப்புப் பட்டை தெரியும்: இலை தின்னும் பூச்சிகள் ஏறாதிருக்க 1906இல் பூசியது.

இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகள் அழிந்தன. பாதுகாக்கத் தகுந்தவை எத்தனையோ அவற்றில் இருந்தன என்பதே என் வருத்தம். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவற்றின் படங்களைத் திரட்டிக் கண்காட்சி வைத்து நாட்டை உலுக்கியது 1974இல். கிளம்பரை இடித்து அப்போதே 36 ஆண்டுகள் ஆகியிருந்தன.