டிராக்டர் பால் ஜாயிண்டுக்கு வீட்டிலேயே கிரீஸ் அடிக்கலாம்

நவரைப் பட்டத்துக்குச் சேற்றுழவு நடக்கும் நாட்களில் பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் மாலையில் போனால், வயலிலிருந்து ஏறிய டிராக்டர்களை வாய்க்கால் ஓரம் நிறுத்திக் கழுவுவதைப் பார்க்கலாம். சேறு போனதும் வண்டியை வீட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். பார்வைக்குப் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் முன் அச்சில் உள்ள பால் ஜாயிண்டுகளுக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீர் வெளியே வந்திருக்காது.

ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்த அசைவை முன் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது டை ராடு. அதன் முனைகளில் இருப்பதுதான் பால் ஜாயிண்டு. கிண்ணத்துக்குள் உருளும் ஓர் இரும்புக் குண்டு, இரண்டுக்கும் நடுவே கிரீஸ், வெளியே ஒரு ரப்பர் உறை, அவ்வளவுதான். ரோட்டில் ஓடும் வண்டிக்கு இந்த உறை போதும். முன் சக்கரம் பாதி புதைந்து ஓடும் சேற்றில் இது மட்டும் காப்பாற்றாது. நுண்மணல் கிரீஸில் கலந்துவிட்டால் அது குண்டையும் கிண்ணத்தையும் அரைக்க ஆரம்பித்துவிடும்.

தேய்ந்த ஜாயிண்டு வயலில் கழன்றால் ஓர் உழவு நின்றுபோகும். அதே டிராக்டர்தான் அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகளை ஏற்றிய டிரெய்லருடன் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கனரக லாரிகளுக்கு நடுவே ஓடுகிறது. அங்கே கழன்றால் ஸ்டியரிங் கையில் இருக்கும், சக்கரம் அதன் பேச்சைக் கேட்காது.

முன்பு இந்த வேலையை வீட்டுப் பையன் ஒருவன் பார்த்துக்கொள்வான். இப்போது அவன் கும்மிடிப்பூண்டியில் ஷிப்டுக்குப் போகிறான். அங்கே எந்த எந்திரத்துக்கு எந்த நாளில் கிரீஸ் என்று அட்டவணை போட்டு, அடித்தவனிடம் கையெழுத்தும் வாங்குகிறார்கள். வீட்டு டிராக்டருக்கு மட்டும் அட்டவணை கிடையாது! அவனையே ஓர் அட்டை எழுதித் தரச் சொல்லி கொட்டகைச் சுவரில் மாட்டுங்கள். கையேட்டில் சொல்லியுள்ள மணிக் கணக்கு சாதாரண வேலைக்கானது. சேற்றுழவு நாட்களில் தினமும் அடிக்க வேண்டும். அதுவும் காலையில் வண்டியை எடுக்கும்போது அல்ல, மாலையில் வேலை முடிந்ததுமே அடிக்க வேண்டும். இரவு முழுவதும் தண்ணீர் உள்ளே நின்றால் துருப்பிடிக்கும்.

முதலில் நிப்பிளை டீசல் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் மேலே இருக்கும் மண்ணை நாமே உள்ளே தள்ளியவர்கள் ஆவோம். கிரீஸ் கன்னை நேராகப் பொருத்தி மெதுவாக அழுத்துங்கள். உறையின் ஓரத்தில் முதலில் கறுத்த பழைய கிரீஸும் தண்ணீரும் வரும். புது கிரீஸின் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடலாம். எதுவும் வெளியே வராமல் உறை மட்டும் உப்பினால் அதற்கு மேல் அழுத்தக் கூடாது, உறை கிழிந்துவிடும்.

சில வண்டிகளில் ஜாயிண்டைச் சுற்றிக் கிரீஸ் அப்பியிருக்கும், உள்ளே ஒரு பொட்டும் போயிருக்காது. நிப்பிள் அடைத்திருப்பதுதான் காரணம். கழற்றி டீசலில் கழுவுங்கள், தேறாவிட்டால் புதிது போடுங்கள். அடைப்பை உடைக்க முரட்டுத்தனமாக அழுத்துவதும், கன்னின் குழாய் கசிகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பதும் ஆபத்து. அந்த அழுத்தத்தில் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடலாம்.

கிரீஸில் லித்தியம் வகை, இரண்டாம் எண், பொதுவாக ஏற்றது. சோடியம் வகை தண்ணீரில் கரைந்துவிடும், சேற்றுக்கு ஆகாது. ஒன்றின் மேல் வேறொரு வகையைக் கலந்து அடிக்காதீர்கள். நிப்பிள் இல்லாத ஜாயிண்டு என்றால் அது தயாரிக்கும்போதே கிரீஸ் நிரப்பி மூடப்பட்டது. அதன் உறையைக் குத்தி ஏற்ற முயல வேண்டாம்.

மாதம் ஒரு முறை ஆட்டமும் பார்க்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, அதன் கீழும் உறுதியான மரக்கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. சக்கரத்தை இரு பக்கமும் பிடித்து இடவலமாக ஆட்டினால், தேய்ந்த ஜாயிண்டு கடகடவென்று சொல்லிவிடும். இதற்குக் கிரீஸ் மருந்தல்ல. சத்தத்தை இரண்டு நாள் அடக்கும், தேய்ந்த இரும்பை வளர்க்காது. எண்டை மாற்றத்தான் வேண்டும்.

பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வருகிறது என்று எண்ணிக்கொண்டு, புதியதையும் அத்தனை சுற்று ஏற்றுங்கள். இல்லாவிட்டால் முன் சக்கரங்களின் நேர்ப்பாடு மாறி டயர் ஒருபக்கமாகத் தேயும். எப்படியும் பிறகு ஒரு முறை மெக்கானிக்கிடம் அளந்து பார்த்துவிடுவது நல்லது. நட்டில் செருகும் ஸ்பிளிட் பின்னைப் புதிதாகப் போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போட வேண்டாம்.