உங்களுக்குத் தெரியுமா? நாவல் கொட்டையும் நானோ துகளும்

கொத்தமங்கலம் பக்கம் ஆடியில் நாவல்பழம் தின்றுவிட்டு நாம் துப்பும் கொட்டையைத்தான் சர்க்கரை நோய் ஆய்வாளர்கள் தேடிப்போகிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இந்தக் கொட்டைச் சாற்றை 6 வாரம் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை குறைந்தது; திசுக்களின் ஆக்சிஜனேற்றச் சேதமும் தணிந்தது.

அந்த இரண்டாவது பலன்தான் முக்கியம். இன்சுலின் சுரப்பவை கணையத்தின் பீட்டா செல்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் நொதிகள் அவற்றில் மிகக் குறைவு. அதனால் சர்க்கரை ஏற ஏற அந்தச் செல்கள் எளிதில் நலிந்துபோகும். நாவல் போன்ற பழங்களிலுள்ள பாலிபீனால் என்னும் வேதிப்பொருள்கள் அந்தச் சேதத்தைத் தணிக்கக்கூடியவை. ஆனால் சாப்பிட்டதில் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் சிதைந்து, ரத்தத்தில் சேர்வது சொற்பம். அதனால்தான் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் போன்றவற்றில் சாற்றைப் பொதிந்து நானோ துகளாக்கிப் பார்க்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 10 லட்சம் நானோமீட்டர்! காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்குத் தனித்துறையே இருப்பது நம் பகுதிக்குப் பெருமை.

நாவல் கொட்டை, நானோ துகள் சோதனைகள் பெரும்பாலும் ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும்தான் நடந்துள்ளன. நாவல் கொட்டைப் பொடியை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.